மெமரி டிஸ்க்கில் பதினொரு நாள்

ஸ்க்ரூ அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவளுடைய நேர்மை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்த புதிதில், பெட்டியைத் திறந்து மூடினால் ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிஞ்சிவிடும். எந்த மெக்கானிக்குக்கும் மிஞ்சுவதுதான். மற்றவர்கள் அதைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போவார்கள். இவள் மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து, "இது உங்க பெட்டியில மிஞ்சினது. எந்த ஓட்டைன்னு எனக்கே தெரியல. பெட்டி ஓடுது, பயப்படாதீங்க" என்று வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவாள். நாளடைவில் கை தேறியது, ஸ்க்ரூ மிஞ்சுவது நின்றது. பெயர் மட்டும் நிற்கவில்லை. கணவரே சில நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவள் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள் அல்ல. முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஒரு கம்பெனியில் பதினாலு வருடம் வேலை பார்த்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் சும்மா உட்கார்ந்து மேலாளரின் முறைப்பை வாங்கவேண்டும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நகவெட்டியின் முனையால் பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, மெமரியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகினாள். ஓடியது. அன்றிலிருந்து எந்தப் பெட்டி முனகினாலும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். கம்பெனியை மூடியபோது, வேலை செய்யாத மூன்று கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தையல் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்தால் சுவர் இடிக்கிற அகலத்தில் ஒரு கடை போட்டாள். ஒரு காலத்தில் டி.வி. பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கூட்டுச் சேர்ந்தார். இப்போது டி.வி.யை யாரும் பழுதுபார்ப்பதில்லை என்றாலும் அவரை டிவிக்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். அவருக்கே வயது நாற்பதைத் தொட்டுவிட்டாலும் இவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. ஒரு முழங்கால் தகராறு. கண்ணாடி போட்டால் தூரம் தெரியாது, கழற்றினால் கிட்டத்தில் இருப்பது தெரியாது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவள் கை பட்டால் பெட்டி பிழைத்துவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குத்தான் பதினொரு நாளில் சோதனை வந்தது.

ரத்த தானச் சங்கத்தின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. ஒற்றை அறை. இரண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஸ்கேனரோடு ஒரு கம்ப்யூட்டர். அங்கே இருந்த ஒரே ஆள் எழுத்தர். நான்கு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை இருக்கிறது, மடியில் கிடக்கும், அவ்வளவுதான். மீதியிருந்த இடது கையால் டைப் அடிப்பார், ஃபோன் எடுப்பார், சட்டைப் பொத்தானும் போட்டுக்கொள்வார். ஏதாவது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால், எந்த ரத்த வகைக்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை.

அந்தப் பட்டியல் இருந்த டிஸ்க் ஒருநாள் டக் டக்கென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போனது. ஸ்க்ரூ அக்கா தலைகீழாக நின்று பார்த்தும் உள்ளே இருந்ததை எடுக்க முடியவில்லை.

"போனது போகட்டும்மா" என்றார் எழுத்தர். "பீரோவுல பழைய படிவம் எல்லாம் இருக்கு. ஆனா பாதி பேர் நம்பர் மாத்திட்டாங்க, பாதி பேர் வீடு மாத்திட்டாங்க. ஒவ்வொருத்தரையா தேடிப் பிடிச்சுப் பேசி, புதுசா அடிக்கணும். நீங்க பெட்டியை மட்டும் சரிபண்ணிக் கொடுங்க."

மறுநாள் காலை அவள் புது டிஸ்க்கோடு போனாள். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்த தன் பென்டிரைவைச் சொருகினாள். இதில் அவளுக்கென்று ஒரு தந்திரம் உண்டு. இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் சிஸ்டம் தற்காலிகமாக மெமரியிலேயே ஒரு டிஸ்க் மாதிரி இடம் பிடித்துக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பை வாசலில் வைத்துச் சமைப்பதைப் போல. அந்த மெமரி டிஸ்க்கிலேயே முழுவதையும் ஏற்றிவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கி இன்னொரு பெட்டிக்குப் பயன்படுத்தலாம். ஒரே பென்டிரைவில் மூன்று பெட்டியைக் கவனிக்கிற சாமர்த்தியம் அது. எப்போதும் போல அன்றும் அப்படித்தான் செய்தாள். திரை பளிச்சென்று வந்தது. சரி, உள்ளே போவோம் என்று இன்ஸ்டாலைத் தொடங்கினாள்.

எந்த டிஸ்க்கில் ஏற்றவேண்டும் என்று கேட்கிற இடத்தில் வேலை நின்றது. பட்டியலில் மெமரி டிஸ்க் மட்டும்தான் காட்டியது. புது டிஸ்க்கைக் காணோம். கேபிளைக் கழற்றி மாட்டினாள். வேறு கேபிள் போட்டாள். பக்கத்துச் சொருகுவாயில் மாற்றிப் பார்த்தாள். மெமரி டிஸ்க் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது, வீட்டுக்காரனைத் துரத்திவிட்டுத் திண்டில் சாய்ந்த விருந்தாளி மாதிரி.

அந்த நேரத்தில்தான் கணவரின் ஃபோன் வந்தது.

"ஏம்மா, பதறாத. உங்க அக்காவுக்குக் குடல்வால் வெடிச்சிடுச்சாம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்க. அவங்க வீட்டுக்காரர் பேசறதே புரியல, அழறாரு. அடுத்த பஸ் நாப்பது நிமிஷத்துல."

பதறாதே என்று சொன்னதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்ஸ்டாலை மூடினாள். பென்டிரைவைப் பிடுங்கினாள். பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

"சார், எங்க அக்காவுக்கு ஆபரேஷன். மீதியை நாளைக்கு வந்து பாத்துடறேன்."

"முதல்ல போங்கம்மா, போங்க" என்று எழுத்தர் கதவுவரை வந்தார்.

கடையில் பென்டிரைவைப் போட்டுவிட்டு நோட்டில் ஒரு வரி கிறுக்கினாள். டிவிக்காரர் வெளியே போயிருந்தார். பஸ் கிளம்பியதும் அவருக்கு ஃபோன் போட்டு, "ரத்தச் சங்கத்துல மீதி இருக்கு, பாத்துக்கங்க" என்றாள். ஹார்ன் சத்தத்தில் அவருக்கு 'ரத்தச் சங்கம்', 'பாத்துக்கங்க' என்ற இரண்டு மட்டும் கேட்டது. அவர் கடமை தவறாத மனிதர். மறுநாள் சங்கத்துக்கு ஃபோன் போட்டு, "சார், பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பறக்குதுங்க!" என்றார் எழுத்தர். "அமுக்கறதுக்கு முன்னாடி வந்து நிக்குது."

பறக்காமல் என்ன செய்யும், மெமரியிலேயே ஓடுகிற சிஸ்டம்! டிவிக்காரர் அதை அப்படியே இவளுக்குச் சொன்னார்: "ரத்தச் சங்கம் ஓகே அக்கா. பறக்குதாம்." டிவிக்காரர் போய் வேலையை முடித்துவிட்டார் என்று இவள் நினைத்தாள். ஸ்க்ரூ அக்கா முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவர் நினைத்தார். மீதி என்றால் கடைசியில் துடைத்துத் துப்புரவாக்குகிற வேலையாக இருக்கும் என்று எழுத்தர் நினைத்தார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு வேலை யார் கையிலும் படாமல் கீழே விழுந்து கிடந்தது.

அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நடமாட ஆரம்பிக்கும்வரை கூட இருந்துவிட்டு, பத்தாம் நாள் மாலைதான் ஸ்க்ரூ அக்கா ஊர் திரும்பினாள். பதினொன்றாம் நாள் காலை கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது எழுத்தர் ஃபோன் செய்தார்.

"அம்மா, அக்கா எப்படி இருக்காங்க? நல்லது, நல்லது. ஒண்ணுமில்ல, பெட்டி நேத்து மத்தியானத்துல இருந்து மக்கர் பண்ணுது. சேவ் பண்ணா இடம் இல்லைங்குது. இப்ப விண்டோ வெளுத்துப்போய் அசையாம நிக்குது."

அவள் கையில் துடைப்பத்தோடு, ஆயிரம் பேருக்குச் சொன்ன பதிலை யோசிக்காமல் சொன்னாள்: "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க சார்."

"சரிம்மா. லைன்ல ஒருத்தர் வந்துட்டாரு. அவர்கிட்ட பேசி முடிச்சுட்டுப் பண்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு இரண்டு தரம் கூட்டினாள். மூன்றாவது தரம் கை நின்றது. இடம் இல்லையா? புத்தம் புது டிஸ்க். ஊரையே அள்ளிப் போட்டாலும் நிரம்பாத டிஸ்க். பதினொரு நாளில் அதை எப்படி நிரப்ப முடியும்?

நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுடைய கிறுக்கல்: 'ரத்தச் சங்கம். புது டிஸ்க் தெரியல. மெமரி டிஸ்க் மட்டும் காட்டுது. மீதி இருக்கு.' அதற்குக் கீழே, வேலை முடிந்தால் டிவிக்காரர் கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

அந்தப் பெட்டி பதினொரு நாளாக மெமரி டிஸ்க்கில்தான் ஓடுகிறது. எழுத்தர் அடித்ததெல்லாம் மெமரியில்தான் இருக்கிறது. மின்சாரம் நின்ற மறுநொடி, தண்ணீரில் எழுதிய எழுத்து. 'இத்தனை நாள் ஒரு தரம்கூடவா அணைக்கவில்லை?' என்று நினைத்தபோதே பதிலும் நினைவுக்கு வந்தது. எழுத்தர் மானிட்டரை மட்டும்தான் அணைப்பார். பழைய பெட்டி உயிர்பெற்று வர ஐந்து நிமிடம் ஆகும். "அது எழுந்திரிக்கறதுக்குள்ள ஒரு உயிர் போயிடும்மா" என்பார். அந்தப் பழக்கம்தான் பதினொரு நாள் காப்பாற்றியிருக்கிறது. அதையும் இப்போது அவளே வாயால் கெடுத்திருக்கிறாள்.

சங்கத்துக்கு ஃபோன் போட்டாள். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. டிவிக்காரரின் ஸ்கூட்டர் வாசலில் இல்லை. பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்தாமலே ஓடினாள்.

"அக்கா, கடை!" என்று சாவிக்காரர் கத்தினார்.

"பாத்துக்கங்க!"

சாதாரணமாக நடந்தால் பதினைந்து நிமிடம். அந்த முழங்காலோடு அவள் எப்படி ஓடினாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஓடிக்கொண்டே காதில் ஃபோனை வைத்திருந்தாள். பிஸி. கடவுளே, அந்த ஆள் எவனோ, அவன் நன்றாக வாய் ஓயாமல் பேசட்டும், அவன் மாமியார் கதை வரைக்கும் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சைக்கிள் கடையின் படிக்கட்டுக்குக் கீழே வந்தபோது ஃபோனில் மணி அடித்தது. மேலே, சத்தமாக, அந்த மணியே கேட்டது. யாரும் எடுக்கவில்லை. எடுக்க அவருக்கு இருப்பது ஒரே கை. அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது?

இரண்டிரண்டு படியாக ஏறிக் கதவைத் தள்ளினாள். எழுத்தர் மேசைக்கு அடியில் குனிந்து, இடது கையை நீட்டி, பெட்டியின் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தார்.

பேச மூச்சு வரவில்லை. பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் திகைத்துப் போனார். "என்னம்மா? ஷாக் அடிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் குரல் வந்தது. "தொடாதீங்க சார். எதையும் தொடாதீங்க. நான் சொல்றேன், கொஞ்சம் இருங்க."

திரையைப் பார்த்தாள். பயந்தது சரியாகத்தான் இருந்தது. புது டிஸ்க் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மெமரி டிஸ்க் தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தது.

"பட்டியல்ல இப்ப எத்தனை பேர் சார்?"

"ஐநூத்திப் பன்னெண்டு. நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் அடிச்ச நாப்பத்தோரு பேர் சேவ் ஆகல. அதையும் சேர்த்துத்தான்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஒருநாள்கூட லீவு போடல."

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒற்றைக் கை.

பென்டிரைவை முன்பக்கத்துச் சொருகுவாயில் சொருகினாள். அசைவில்லை. அந்த வாய் செத்து எவ்வளவு காலமோ. பெட்டியை மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பிப் பின்பக்கம் சொருகினாள். பென்டிரைவின் விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் ஒரு பிழைச் செய்தி. பென்டிரைவைத் திறந்து காட்ட, சிஸ்டத்துக்குத் துளி இடமாவது வேண்டும். அந்தத் துளியும் மெமரி டிஸ்க்கில் இல்லை.

"இவ்வளவு இடத்தை எது சார் அடைச்சிருக்கு?"

"படிவம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டேன்மா. ஒரு ஒழுங்கா இருக்கட்டும்னு."

"அந்தப் பேப்பர் எல்லாம் பத்திரமா இருக்கா?"

"பீரோவுல இருக்கு."

"அப்ப ஸ்கேனை அழிச்சுடறேன்."

எழுத்தர் ஒரு கணம் தயங்கினார். அந்த ஸ்கேனும் அவர் ஒற்றைக் கையால், ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து எடுத்ததுதான். பிறகு, "நீங்க சொன்னா சரி" என்றார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது.

அழித்தாள். இடம் வரவில்லை. அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தொட்டியும் அதே மெமரியில்தானே இருக்கிறது! தொட்டியைக் காலிசெய்யச் சொல்லி அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி சுழற்சி குறைந்து நின்றது. மேசைக்கு அடியிலிருந்து யு.பி.எஸ். 'பீப்' என்றது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அது இதுதான்.

"இது எவ்வளவு நேரம் தாங்கும் சார்?"

"வாங்கினப்ப இருபது நிமிஷம். இப்ப... போன தடவை கரண்ட் சட்டுனு வந்துடுச்சு. தெரியலையே."

யு.பி.எஸ்ஸைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் உப்பியிருந்தது. இருபது நிமிடமெல்லாம் எட்டாத கனவு. குப்பைத் தொட்டி ஆமை வேகத்தில் காலியாகிக்கொண்டிருந்தது. காலியானதும் பென்டிரைவு திறந்தது. இப்போது அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. வெளுத்துப்போய் நிற்கிற விண்டோவைத் தட்டி எழுப்பி நாற்பத்தொரு பேரையும் சேர்த்து சேவ் செய்யப் பார்க்கலாம். இல்லை, நேற்று மதியம்வரை சேவ் ஆகியிருந்த ஃபைலை முதலில் பென்டிரைவுக்கு ஏற்றலாம். ஆசை முதலாவதைச் சொன்னது. அவள் இரண்டாவதைச் செய்தாள்.

ஃபைல் போனது. போய்விட்டது என்று திரை சொன்னாலும் அவள் நம்பவில்லை. பென்டிரைவின் விளக்கு மினுக்கி அடங்கும்வரை, பீப் சத்தத்துக்கு நடுவில், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடங்கியது. கம்ப்யூட்டரில் முறைப்படி கழற்றும் பட்டனை அமுக்கி, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் அந்த வெளுத்த விண்டோவின் பக்கம் போனாள். அது அசைய ஆரம்பித்தது. எழுத்துகள் கறுத்தன. "வருது, வருது!" என்றார் எழுத்தர். பீப் சத்தம் ஒரே நீளமான கூவலாக மாறியது. திரை இருண்டது.

கீழே சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாழாப்போன கரண்ட்" என்றார் எழுத்தர். "நாப்பத்தோரு பேரை முழுங்கிடுச்சு. நல்ல வேளை, நீங்க ஓடிவந்தீங்க. இல்லேன்னா எல்லாமே போயிருக்கும். உங்களுக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

பழியைக் கரண்டின் தலையில் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உயிர் உள்ளவரை அவர் இவளைக் காவல் தெய்வம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்தது.

"நன்றி சொல்லாதீங்க சார்" என்றாள். "தப்பு என்னோடது."

எல்லாவற்றையும் சொன்னாள். புது டிஸ்க் தெரியாமல் போனது, வேலையைப் பாதியில் விட்டது, பதினொரு நாளாக அவர் அடித்தது எங்கே இருந்தது, காலையில் ஃபோனில் அவளே என்ன சொன்னாள் என்பது வரை. டிவிக்காரரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எழுத்தர் எழுந்து வாசல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"முன்னாடி பேங்க்ல டைப் அடிச்சேன்" என்று திரும்பாமலே சொன்னார். "நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை. இப்ப ஒரு பேர் அடிக்க ஒரு நிமிஷம் ஆகுது. 'தொடாதீங்க, இன்னும் முடியல'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும் சார்."

"எனக்குக் கோபம் வருது. வரக்கூடாதுன்னு பாக்கறேன், வருது."

"வரட்டும் சார்."

அவள் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். கரண்ட் வருவதற்குள் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. புது டிஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கவேண்டும். அப்படியென்றால் எது மறைக்கிறது?

அரை மணியில் கரண்ட் வந்தது. பெட்டியை ஆன் செய்தவுடன் மேல் மூலையில் தேதியைப் பார்த்தாள். அது எட்டு வருடம் பின்னால் போயிருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். போர்டில் ஒரு சின்ன வட்ட பேட்டரி உண்டு. தேதியையும், எந்த டிஸ்க்கை எப்படிப் பார்க்கவேண்டும் என்கிற அமைப்பையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். அது செத்துப்போயிருந்தது. அன்றைக்கு டிஸ்க் மாற்றுவதற்காக வயரைப் பிடுங்கியபோது போர்டு எல்லாவற்றையும் மறந்து, புது டிஸ்க்கைக் கண்டுகொள்ளாத பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கிறது. மெமரி மட்டும் அதன் கண்ணில் பட்டிருக்கிறது. அன்றே தேதியை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்ற எழுத்தருக்கு அதைக் காட்டினாள்.

"இவ்வளவு சின்னதா?" என்றார். "என் தலைக்குள்ள போனதும் இத்தனூண்டு ரத்தக் கட்டிதான்னு டாக்டர் சொன்னாரு." அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

பேட்டரி வாங்கி வந்து மாற்றினாள். அமைப்பைச் சரிசெய்தாள். இன்ஸ்டாலைத் தொடங்கினாள். எந்த டிஸ்க் என்று கேட்கிற இடத்தில் மெமரி டிஸ்க்குக்குப் பக்கத்தில் புது டிஸ்க் வந்து நின்றது. "இதுதான் சார் நிஜ வீடு" என்று விரலை வைத்துக் காட்டினாள். ஏற்றி முடித்து, பட்டியலை உள்ளே வைத்து, அதே பட்டியலை இன்னொரு பென்டிரைவிலும் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கணும் சார். அப்பதான் நிச்சயம்."

இருவரும் பட்டனைப் பார்த்தார்கள்.

"நீங்க பண்ணுங்க" என்றார்.

"நீங்க பண்ணுங்க சார்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

கடைசியில் அவளே அமுக்கினாள். அணைந்தது. மறுபடியும் அமுக்கினாள். நானூற்று எழுபத்தொரு பெயர்களும் வந்தன. எழுத்தர் நம்பாமல் வயரையே சுவரிலிருந்து பிடுங்கி, திரும்பச் சொருகிப் பார்த்தார். அப்போதும் வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்க்ரூ அக்கா கடைக்குப் போகவில்லை, சங்கத்துக்குப் போனாள். எழுத்தர் ஒவ்வொருவரிடமும் பேசி முடித்த பிறகு படிவத்தின் மூலையில் ஒரு டிக் போடுவார். கடைசியாக டிக் போட்ட நாற்பத்தொரு படிவத்தையும் எடுத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தார்.

"நான் பேசறேன் சார். நீங்க அடிங்க" என்றாள்.

"முந்தாநாள்தானே கேட்டீங்கன்னு சண்டைக்கு வருவாங்கம்மா."

"என்கிட்டதானே வருவாங்க. வரட்டும்."

முதல் ஆள் நிஜமாகவே சண்டைக்கு வந்தார். "முந்தாநாள் ஒரு ஐயா பத்து நிமிஷம் கேள்வி கேட்டாரு. இன்னிக்கு நீங்க. உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"ஐயா சரியாத்தான் கேட்டாருங்க. கம்ப்யூட்டர் பாக்கறவ நான். நான் பண்ணின தப்பால உங்க விவரம் அழிஞ்சுபோச்சு. மன்னிச்சுக்கோங்க. இன்னொரு தடவை சொன்னீங்கன்னா போதும்."

"தப்புன்னு ஒத்துக்கிட்டா அப்புறம் என்ன பேசறது? எழுதிக்கோங்க" என்றார்.

அடுத்தது ஓர் ஆசிரியை. விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு லாரி டிரைவர் எங்கோ சாலையோரமாக வண்டியை நிறுத்திவிட்டு விவரம் சொன்னார். ஒருவர் முந்தாநாள் எடையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டதாகவும், இப்போது உண்மையைச் சொல்வதாகவும் சொன்னார். "பாத்தீங்களா சார், தப்புலயும் ஒரு நல்லது" என்று அவள் சொல்ல, "ரொம்ப எடுத்துக்காதீங்கம்மா" என்றார் எழுத்தர், தலை நிமிராமலே அடித்துக்கொண்டு.

பத்துப் பேருக்கு ஒரு தரம் அவர் கையை உதறி விரல்களை மடக்கி நீட்டுவார். அவள் காத்திருப்பாள். நான் அடிக்கட்டுமா என்று ஒரு தரமும் கேட்கவில்லை. பதினாலு வருடம் தட்டச்சு செய்தவள் அவள். அரை மணியில் அடித்து முடித்திருப்பாள். ஆனால் அது அவருடைய பட்டியல்.

பிற்பகல் மூன்று மணிக்கு முப்பத்தெட்டுப் பேர் முடிந்திருந்தது. மூன்று பேர் ஃபோன் எடுக்கவில்லை. "அவங்களை நான் சாயங்காலம் பாத்துக்கறேன்" என்றார் எழுத்தர். "நீங்க கடைக்குப் போங்க. சாவிக்காரர் எத்தனை நாள்தான் ரெண்டு கடையைப் பாப்பாரு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே ஃபோன் அடித்தது. எழுத்தர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரிங்க? என்ன வகை? எத்தனை யூனிட்? லைன்ல இருங்க" என்றபடி, திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தார்.